தெரியவில்லை: பதினொன்று

2024 பிப்ரவரி 12, திங்கட்கிழமை. கமோர்ட்டா தீவில், பள்ளிக்குப் பின்னால் உள்ள புல்மேட்டில் நட்ட நாற்பது மரக்கன்றுகளில் பதினொன்றில் ஓர் இலைகூட இல்லை.

ஆறாம் வகுப்பு வைஜெயந்தியின் கையில் கன்றுப் பதிவேடு இருந்தது. அதில் இரண்டே கட்டங்கள்: உயிருடன், பட்டது. பட்டவற்றைப் பிடுங்கிவிட்டு, போர்ட் பிளேரிலிருந்து சனிக்கிழமைக் கப்பலில் வரும் புதுக் கன்றுகளை அந்தக் குழிகளில் வைப்பார்கள். எத்தனை வேண்டும் என்று ஷோபனா மிஸ் இன்றே போனில் சொல்ல வேண்டும்.

"இதுல என்ன யோசனை? இலை இல்லைன்னா கதம், முடிஞ்சுது," என்றான் வகுப்புத்தோழன் பிரவீன்குமார். "பதினொண்ணுன்னு போடு. பசிக்குது."

"என் படாக்கைப் பட்டதுன்னு எழுதினா உன்கூடப் பேசவே மாட்டேன்," என்றாள் தோழி கார்த்திகா. தன் படாக் மரக்கன்றுக்கு முன்னால் கையை விரித்து நின்றாள். மழை நின்றதிலிருந்து தினமும் தன் குடிதண்ணீரில் பாதியை அதற்குத்தான் ஊற்றி வந்தாள்.

வைஜெயந்தி தண்டை நகத்தால் கீறினாள். பழுப்பு. இன்னும் கீழே கீறினாள். பச்சை மாதிரி இருந்தது. அல்லது வெயிலில் அப்படித் தெரிந்ததா?

அடுத்த கன்றும் அப்படித்தான். அதற்கடுத்தது நுனியில் குச்சிபோல ஒடிந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். மேடு முழுக்கப் புல் காய்ந்து கிடந்தது. நடுவில் தாழைப் புதர் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் பச்சையாக நின்றது. ஒரே மண், ஒரே வெயில்.

"உயிரோட இருக்குன்னு எழுதுடி."

"பொய்யா இருந்தா?"

"அப்போ பட்டதுன்னு எழுது," என்றான் பிரவீன்குமார்.

"அதுவும் பொய்யா இருந்தா?"

அளவுகோலை வைத்து இன்னொரு கோடு போட்டாள். மேலே 'தெரியவில்லை' என்று எழுதினாள்.

ஷோபனா மிஸ் பதிவேட்டைப் பார்த்தார். "என்னம்மா இது? தெரியவில்லை பதினொண்ணு அனுப்புங்கன்னு போர்ட் பிளேருக்குச் சொல்லட்டா?"

பிரவீன்குமார் சிரித்தான். வைஜெயந்திக்குக் காது சூடானது.

"மிஸ், புதுசு வந்தாலும் இதே வெயில்லதானே நிக்கணும்? மழை வந்தப்புறம் வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் எதையும் பிடுங்க வேணாம்."

"மழை வந்தும் துளிர்க்கலைன்னா?"

"பட்டதுன்னு நானே எழுதுறேன்."

"என்னோடதையுமா?" என்றாள் கார்த்திகா.

"உன்னோடதையும்தான்."

கார்த்திகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மிஸ் போனை எடுத்து, கன்றுகள் மழைக்குப் பிறகு வந்தால் போதும் என்றார். மறுமுனையில் யாரோ நீளமாகப் பேசினார்கள். "ஹாங் ஜி, ஹாங் ஜி," என்று இந்தியில் ஐந்து முறை ஆமாம் போட்டுவிட்டு வைத்தார்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்றும் மழை பெய்தது. மூவரும் ஒரே குடையில் மேடேறினார்கள்.

கார்த்திகாவின் கன்றில் தண்டு கறுத்துக் காய்ந்திருந்தது. அதன் அடியில், மண்ணை ஒட்டி, விரல் நீளத்துக்கு ஒரு துளிர்.

"மேல பட்டது, கீழ உயிருடன்," என்று தலையைச் சொறிந்தான் பிரவீன்குமார். "இதுக்கு நாலாவது கட்டம் போடணுமா?"

"வேணாம். உயிருடன்," என்றாள் வைஜெயந்தி. கார்த்திகா குடையை அவள் பக்கம் சாய்த்தாள்.

மொட்டையாக நின்ற பதினொன்றில் ஏழு துளிர்த்திருந்தன. பிப்ரவரியில் இலையோடு நின்றவற்றில் இரண்டு பட்டிருந்தன. ஏன் என்று மிஸ்ஸுக்கும் தெரியவில்லை.

அடுத்த கப்பலில் ஆறு கன்றுகள் வந்தன.