உறைந்தபோது பிளந்த கிண்ணம்

1970 ஜூன் 12, வெள்ளிக்கிழமை. மாலை 4.10.

கெலிஓயாவில் முஹ்ஸினின் ரேடியோக் கடை. பின்னறை அலுமாரியில் இருந்த ஜெர்மேனியப் படிகத்தைக் காணவில்லை. பெருவிரல் அளவு, அறுபது கிராம். டிரான்சிஸ்டர் செய்வதற்காக, தானே கட்டிய மின்சார உலையில் உலோகத்தை உருக்கி, அதை ஒற்றைப் படிகமாக மேலே இழுத்தெடுக்க அவருக்கு மூன்று வருஷம் பிடித்தது.

“கடைசியா எப்ப பாத்தனீங்கள்?” சப்-இன்ஸ்பெக்டர் ராஜரத்தினம் கேட்டார்.

“பன்னெண்டு மணிக்கு, சேர். ஜும்ஆத் தொழுகைக்குப் போக முந்தி. ரெண்டு மணிக்கு வந்து முன்கடையில இருந்துட்டேன்.”

“இஞ்ச ஆர் நிண்டது?”

“முன்னுக்கு மச்சான் நளீர். உள்ளுக்கு வீரய்யா, உலை பாக்கிறவர்.”

அந்தத் துண்டைக் கொழும்பில் விற்கச் சொல்லிக்கொண்டிருந்த நளீர் முந்திக்கொண்டார். “உள்ளுக்கிருந்து யாரும் வெளிய வரல்ல, சேர். ஒன்றேகாலுக்குக் கரண்ட் போன நேரமும் நான் வாசல்லதான்.”

மூவரையும் சோதித்தார்கள். அறையைக் கிளறினார்கள். ஜன்னலில் கம்பிவலை. துண்டு கிடைக்கவில்லை.

ராஜரத்தினம் உலையைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பு.

“இண்டைக்கு மூட்டினதோ?”

“இல்லையே,” என்றார் முஹ்ஸின்.

உள்ளே குவார்ட்ஸ் கிண்ணம் மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. அதற்குள் சாம்பல் நிறக் கட்டி.

“அது போன கிழமை மிச்சம்,” என்றார் முஹ்ஸின், அலுமாரியை விட்டுக் கண்ணெடுக்காமல். “எட்டுக் கிராம் இருக்கும்.”

கட்டியை மட்டும் எடுத்து வைத்தபோது தராசு அறுபத்தெட்டுக் காட்டியது.

“தண்ணி உறையேக்க பெருத்துப் போத்தலை உடைக்கும். இதுவும் அப்பிடியோ?”

முஹ்ஸின் திரும்பிப் பார்த்தார். “அப்படித்தான், சேர்.”

“எட்டுக் கிராம் கிண்ணத்தைப் பிளக்காது. துண்டு வெளியில போகேல்லை. உருகினது, கரண்ட் போக இதுக்குள்ளயே உறைஞ்சிட்டுது. உலை தெரிஞ்சவர் உள்ளுக்கு ஒராள்தான். என்ன, வீரய்யா?”

வீரய்யா மறுக்கவில்லை.

“செவ்வாக்கெழம தலைமன்னார் ரயிலு, சார். தோட்டத்து ஆளுங்கள அரசாங்கம் இந்தியாவுக்கு அனுப்புது. நான் பொறந்தது இங்க, ஹேவாஹெட்டயில. இந்தியாவுல யாரையும் தெரியாது. மூணு வருஷமா நெருப்ப நான்தான் பாத்தேன். இழுக்கிறது முதலாளி. போறதுக்கு முன்ன ஒரு தடவ என் கையால இழுத்துப் பாக்கணும்னு இருந்திச்சு. அதான் துண்ட உருக்கினேன். அரை அங்குலம் ஏறிச்சு. கரண்ட் போயிருச்சு.”

“என்னட்ட கேட்டிருக்கலாமே,” என்றார் முஹ்ஸின்.

“கேட்டா பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்திருப்பீங்க. அப்ப அது ஒங்க படிகம்தானுங்களே.”

முஹ்ஸின் சப்-இன்ஸ்பெக்டரிடம் முறைப்பாடு வேண்டாம் என்றார்.

சனிக்கிழமை காலை 6.00. புதுக் கிண்ணத்தில் கட்டியை வைத்துவிட்டு, முஹ்ஸின் வீரய்யாவை உள்ளே விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். பிற்பகல் மூன்றரை வரை உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. வீரய்யா கொண்டுவந்த படிகம் சற்றுக் கோணல். ஆனால் எங்கும் விரிசல் இல்லை.

செவ்வாய்க்கிழமை ரயிலடியில் வீரய்யா சொன்னார்: “அதுல செஞ்ச ரேடியோ பாடிச்சுன்னா ஒரு கடுதாசி போடுங்க, முதலாளி.”

“எந்த விலாசத்துக்கு?”

வீரய்யா யோசித்தார். சொல்வதற்கு ஓர் ஊர்ப்பெயர்கூட அவரிடம் இல்லை.