வீ-எய்ட் சத்தியம்

"இந்தப் பையோட மத்தப் பாதி எங்க?"

கடைக்கு வந்தவன் கேட்ட முதல் கேள்வியே அதுதான். வெளியே பண்டாரவளை மழை கொட்டிக்கொண்டிருந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, பிரித்து விரித்த ஒரு கடதாசிப் பையைத் தூக்கிக் காட்டினான். கடையில் ஆள் இல்லை. இப்றாஹீம் முதலாளி பின்னேர அசர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். அந்தக் கால் மணி நேரம் கடையைப் பார்த்துக்கொள்வது, உள்வாசல் திரைக்குப் பின்னால் நிற்கும் மகள் றமீலாவின் பொறுப்பு.

"எந்தப் பை?" என்றாள் திரைக்குள்ளிருந்து.

"முந்தாநாள் கொத்தமல்லி போட்டுத் தந்த பை. பாதிக் கார்தான் இருக்கு. முன்பக்கம் இல்ல."

"கொத்தமல்லி நல்லா இருந்திச்சா?"

"கொத்தமல்லிய யார் பார்த்தா?"

றமீலாவுக்குச் சிரிப்பு வந்தது... அடக்கிக்கொண்டாள். பைகளைச் செய்வது அவள்தான். தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்களில் வெள்ளைக்காரத் துரைமார் படித்துத் தள்ளிய பத்திரிகைகள் எடைக்கு வரும். கோதுமைமாவுப் பசை காய்ச்சி, அவற்றை வெட்டி ஒட்டிப் பைகளாக்குவாள். வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிடுவாள் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. அதிலும் பெரகலைப் பக்கத்துச் சின்னத்துரை ஒருவர் அமெரிக்காவிலிருந்து வரவழைத்த கார்ப் பத்திரிகைகள் என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"இதுல யாரோ பென்சிலால எழுதியிருக்காங்க. 'வயிறு பெருத்துப்போச்சு, குறைக்கணும்'னு. யாரு எழுதினது?"

"ஏன் கேட்கிறீங்க?"

"தப்பா எழுதியிருக்கு."

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் தப்பு என்று சொன்ன பிறகு பேசாமல் இருக்கும் பெண் அல்ல றமீலா. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு திரையை ஒரு சாண் விலக்கினாள்.

"அறுபத்து நாலுல வந்த முதல் மஸ்டாங்கப் பாருங்க நானா. பிறகு இதப் பாருங்க. வருஷத்துக்கு வருஷம் ஊதிப்போச்சு. அடுத்த வருஷம் மாதிரிய மாத்தப் போறாங்களாம். அப்பவாவது சின்னதாக்கணும்."

திரை இடுக்கில் இரண்டு கண்கள்... கறுப்பு என்று சொல்வதற்கில்லை, நன்றாகக் கொதித்த தேயிலைச் சாயத்தின் நிறம். அவற்றைப் பார்த்ததும், பக்கத்து வீதி கராஜில் ஆறு வருடமாக மொரிஸ் மைனர் கார்களோடு மல்லுக்கட்டும் மெக்கானிக் மர்ஸூக்குக்கு, சொல்ல வந்த வாதம் மறந்துபோயிற்று. இத்தனைக்கும் அவன் வாயாடி என்று பேரெடுத்தவன்.

"சின்னதாக்கினா எஞ்சின எங்க வைக்கிறது?" என்று கடைசியில் ஒருவாறு கேட்டான். "வீ-எய்ட். எட்டு சிலிண்டர். அது இல்லாட்டி மஸ்டாங் இல்ல."

"வாப்பா வார நேரமாச்சு. கொத்தமல்லி வேணுமா?"

"கால் றாத்தல் தாங்க..."

இது ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து மூன்று ஏப்ரலில் நடந்தது. நாட்டுக்குள் புதுக் கார் ஒன்றும் வராத காலம். மஸ்டாங் காரை அவனும் கண்டதில்லை, அவளும் கண்டதில்லை. மலைநாட்டு வளைவுகளில் அப்படியொரு வண்டி ஓடுமா என்றும் இருவரும் யோசித்ததில்லை. ஆசைப்படுவதற்கு அதெல்லாம் தேவையா என்ன?

அதன் பிறகு மர்ஸூக்குக்குக் கொத்தமல்லித் தேவை அதிகமாகிவிட்டது. வாரம் இரண்டு தடவை, சரியாக அசர் வேளையில். றமீலா கார்ப் பக்கங்களை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் பை ஒட்டினாள். அடுத்த வருடத்து மாதிரி எப்படி வரும் என்று அமெரிக்காக்காரர்கள் ஊகித்துப் போட்ட படங்களில், அவள் பென்சிலால் வால்பக்கத்தைத் தூக்குவாள், விளக்கை மாற்றுவாள். அவன் அந்தப் பையைப் பிரித்து, மசகெண்ணெய் விரலடையாளத்தோடு மறுபடி கொண்டுவருவான்.

"பின்கண்ணாடிய இப்படிச் சரிச்சா மழையில பின்னுக்கு ஒண்ணும் தெரியாது."

"இந்தக் காருக்குப் பின்னால பார்க்க என்ன இருக்கு? எல்லாரும் இதத்தானே பார்ப்பாங்க."

"ஓட்டுறவன் பார்க்கணுமே..."

"நீங்க ஓட்டப் போறீங்களா?"

"நினைக்கிறதுக்கு லைசன் வேணுமா?"

அவ்வளவுதான் பேச்சு. ஒருநாளும் பத்து நிமிடத்தைத் தாண்டியதில்லை. ஆனால் எப்போதிருந்தோ அவள் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவன் வரும் நாட்களில் பசை கொஞ்சம் தீய்ந்துபோகிறது என்பதை உம்மா கவனித்தாள். வாப்பா கவனித்தது வேறு.

"தனிக்கட்டையா இருக்கிற பொடியன்... இவ்வளவு மல்லிய வச்சு என்னதான் ஆக்கித் தின்னுறானோ" என்றார் ஒருநாள். றமீலா தலை நிமிராமல் பசையைக் கிண்டினாள்.

வருடம் திரும்பியது. அப்புத்தளையிலிருந்து றமீலாவுக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்தது. பேக்கரிக்காரரின் மகன், நல்ல இடம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. அந்தச் சேதியைத் திரைக்குள்ளிருந்து கேட்டபோதுதான், தனக்கு மர்ஸூக்கைப் பிடித்திருக்கிறது என்பதை அவள் தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள். அதுவரை அது வெறும் கார்ப் பேச்சு என்றே நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

அவன் பெண் கேட்டு ஆள் அனுப்பினால் வாப்பா யோசிப்பார். அனுப்பாவிட்டால் அப்புத்தளைதான். இதில் அவள் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

அந்த வாரம் பத்திரிகைக் கட்டை இறக்க வந்தவன் அழகையா. தோட்டத்து லொறி ஓட்டுகிறவன், மர்ஸூக்கின் உயிர்ச் சிநேகிதன். வாயில் ஒரு சொல் தங்காது.

"உங்களுக்குத் தெரியாதாங்க?" என்றான் கட்டைத் தொப்பென்று போட்டுவிட்டு. "நம்ம மர்ஸூக்கு கராஜில எல்லார் முன்னாலயும் சத்தியம் பண்ணிட்டாருங்க. புது மஸ்டாங் வீ-எய்ட்டோட வந்தா, அன்னிக்கே இப்றாஹீம் முதலாளி வீட்ல பொண்ணு கேட்பாராம். வராட்டி அந்தப் பேச்சையே எடுக்கமாட்டாராம். வல்லாஹின்னு ஆண்டவன் பேரால வேற சொல்லிட்டாருங்க."

அவன் போனதும் றமீலா அவசரமாகக் கட்டை அவிழ்த்தாள். மூன்றாவது பத்திரிகையின் அட்டையிலேயே இருந்தது, அவர்கள் ஒரு வருடமாகக் காத்திருந்த படம்.

கார் சின்னதாகியிருந்தது. போன மாதிரியைவிட ஒரு முழம் குட்டை. அவள் கேட்டது கிடைத்துவிட்டது... ஆனால் அவள் கேட்ட மாதிரி கிடைக்கவில்லை. வயிற்றோடு சேர்த்து நெஞ்சையும் குறைத்துவிட்டார்கள். உள்ளே எழுத்துக்கூட்டிப் படித்தாள். நாலு சிலிண்டர். அல்லது ஆறு. எட்டு இந்த வருடம் இல்லை.

அமெரிக்காவில் எவனோ ஒரு எஞ்சினைக் கழற்றியதற்குப் பண்டாரவளையில் ஒருத்தியின் கலியாணம் நின்றுபோவது நியாயமா? நியாயமில்லைதான். ஆனாலும் அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டு, அந்தப் பக்கத்தைப் படம் உள்பக்கமாக மடித்து, மேலே வேறொரு தாளை ஒட்டி, பைகளின் அடுக்கில் நடுவே செருகிவிட்டாள். கிழித்து அடுப்பில் போட்டிருக்கலாம். மனம் வரவில்லை. ஒரு வருடம் காத்திருந்த படம் அல்லவா!

திங்கட்கிழமை மர்ஸூக் வழக்கத்துக்கு மாறாக முன்னதாகவே வந்தான். வாப்பா கடையிலேயே இருந்தார். பை அடுக்கின் நடுவில் விரலை விட்டு ஒன்றை உருவி, கொத்தமல்லியைப் போட்டுக் கொடுத்தனுப்பினார். பை வழக்கத்தைவிடக் கனமாக இருப்பது அவருக்குத் தெரியவில்லை. வாங்கியவனுக்குத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை அசர் வேளையில் மறுபடி வந்தான். மழை. கையில் ஈரம் பட்டுப் பிரிந்த பை.

"ஏன் மறைச்சீங்க?"

றமீலா திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னப் பார்த்தா பாவமா இருந்திச்சா? தோத்துட்டான், சொல்லவேணாம்னு நினைச்சீங்களா?"

"உங்கட சத்தியத்துக்குப் பயந்து மறைச்சேன்."

அவன் முகம் சிவந்தது. "யாரு சொன்னது?" என்று கேட்டு, பதிலும் தனக்கே தெரியும் என்பதால் நிறுத்திக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழம அப்புத்தளையில இருந்து ஆள்கள் வாராங்க" என்றாள். "எட்டு சிலிண்டர் இல்லாட்டி நானும் வேணாமா?"

"ஆண்டவன் பேரால சொல்லிட்டேன்..."

"கார் செய்றவங்கள நம்பியா அப்படிச் சொன்னீங்க?"

அவன் மழையில் இறங்கிப் போய்விட்டான். இந்த முறை கொத்தமல்லி கேட்கவில்லை.

புதன்கிழமை வரவில்லை. வியாழன் வரவில்லை. அழகையா மட்டும் தோட்டத்துக் கடிதம் ஒன்றைக் கொடுக்க வந்து, "மர்ஸூக்கு ஒண்ணும் சாப்பிடமாட்டேங்குறாருங்க, டீ கூட வேணாம்ங்குறாரு" என்று சொல்லிவிட்டுப் போனான். சாப்பிடாமல் இருந்தால் போதுமா என்று றமீலாவுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்த வேகத்திலேயே, வெறும் வயிற்றோடு வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்கிறானே என்று நெஞ்சு பதறவும் செய்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு அவள் ஞாயிற்றுக்கிழமைக்கு வீட்டைக் கூட்டினாள், கண்ணாடிக் குவளைகளைக் கழுவிக் கவிழ்த்தாள், உம்மா எடுத்துக் கொடுத்த சாரியை மடிப்புக் கலையாமல் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை. மஃரிப் தொழுகைக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. வாப்பா கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டிருந்தபோது மர்ஸூக் வந்து நின்றான். உதடு காய்ந்து வெடித்திருந்தது. சட்டை மட்டும் புதிது.

"முதலாளி, நான் ஒரு விஷயம் கேட்க வந்தேன். உங்கட மகள எனக்குக் கலியாணம் செஞ்சு தருவீங்களா?"

திரைக்குப் பின்னால் றமீலாவின் கையிலிருந்த பசைக் கரண்டி அசையவில்லை.

இப்றாஹீம் முதலாளி கையிலிருந்த பலகையை மெதுவாகக் கீழே வைத்தார். "இதுக்கு யாராவது பெரியவங்கள அனுப்புறதுதானே தம்பி முறை?"

"வாப்பா மௌத்தாகி ஏழு வருஷம். அனுப்ப ஆளில்ல. அழகையாவக் கேட்டேன். 'நான் வந்து பேசினா நல்லா இருக்குமாங்க'ன்னு அவனே கேட்டான்."

"காருக்காக ஏதோ சத்தியம் செஞ்சதா ஊரே பேசுது. எனக்குத்தான் கடைசியாத் தெரிய வந்திச்சு."

"ஓ முதலாளி. செஞ்சேன். அதுக்குத்தான் மூணு நாளா நோன்பு. சத்தியத்த முறிச்சா மூணு நோன்பு புடிக்கணும்தானே. இண்டைக்கு மூணாவது."

முதலாளி அவனை உற்றுப் பார்த்தார். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் பஜாரில் குறைவு. இப்போதும் சிரிக்கவில்லை, மீசை மட்டும் கொஞ்சம் அசைந்தது.

"மடையா. முதல்ல பத்து ஏழைக்குச் சோறு குடுக்கணும். அதுக்கு வழியில்லாட்டித்தான் நோன்பு."

"இந்த அரிசித் தட்டுப்பாட்டுல பத்துப் பேருக்கு எங்க போறது முதலாளி?"

"சரி. ஆனா சத்தியத்த முறிச்ச பிறகுதான் நோன்பு. முறிக்காத சத்தியத்துக்கு முன்கூட்டியே புடிச்சா கணக்குக்குச் சேராது. எந்த மத்ரஸாவுல ஓதினாய்?"

மர்ஸூக் ஒரு நொடி விழித்தான். மூன்று நாள் பசி வீண். பிறகு நிமிர்ந்தான்.

"அப்ப இப்பதான் முறிச்சேன். உங்கள்ட்டக் கேட்டேனே, அதோட முறிஞ்சு போச்சு. நாளைக்கு இருந்து மறுபடி மூணு புடிக்கிறேன்."

முதலாளி அடுத்த பலகையை எடுத்துச் செருகினார்.

"உண்மையச் சொல்லிடுறேன் முதலாளி" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "கார் ஒரு சாட்டு. எனக்கு வீடு இல்ல, கராஜும் என்னுடையது இல்ல. நேரா வந்து கேட்டு நீங்க இல்லேன்னு சொல்லிட்டா என்ன செய்றதுன்னு பயம். அதுதான் பழியத் தூக்கி அமெரிக்காக்காரன் தலையில போட்டேன். வீ-எய்ட் வந்தாலும் வராட்டியும்... எனக்கு அவங்கதான் வேணும். அவங்க சொன்னதுதான் சரி, வயிறு பெருத்துத்தான் இருந்திச்சு."

இதைக் கேட்டபோது றமீலாவின் கண்கள் நிறைந்துவிட்டன. இத்தனை நாளும் அவள் வீறாப்பு என்று நினைத்து வெறுத்தது பயமாக இருந்திருக்கிறது. தன்னைப்போலவே அவனும் ஒரு திரைக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறான். அந்த எண்ணம் அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

வெளியே மழை விட்டிருந்தது. இப்றாஹீம் முதலாளி உள்வாசல் பக்கம் திரும்பினார். திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. எவ்வளவு நேரமாக அங்கே நிற்கின்றன என்பதும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

"மகள், எல்லாம் கேட்டுச்சுதானே? நாளை மறுநாள் ஆள்கள் வாராங்க. நல்ல இடம். இவன்கிட்ட ஒண்ணுமில்லேன்னு இவனே சொல்றான். உன்ட விருப்பம் தெரியாம நான் யாருக்கும் வாக்குக் குடுக்கமாட்டேன். சொல்லு."

இந்த மாதிரி வேளையில் பெண்கள் மௌனமாக இருப்பார்கள், மௌனமே சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஊர் வழக்கம் அதுதான். ஆனால் இப்போது மௌனமாக இருந்தால் அது எந்த மாப்பிள்ளைக்குச் சம்மதம் என்று யாருக்குத் தெரியும்? றமீலா அதை யோசித்தாள்.

"எனக்கு அவரத்தான் விருப்பம், வாப்பா."

மெதுவாகத்தான் சொல்ல நினைத்தாள். எதிர்க் கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது. சொன்ன பிறகு மறைத்து என்ன... இன்னொரு முறையும் சொன்னாள்.

"வேற யாரும் வேணாம். அவர்தான்."

பள்ளியில் பாங்கு சொல்லத் தொடங்கியது. மர்ஸூக் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சரி, அப்புத்தளைக்கு நான் ஆள் அனுப்புறேன்" என்றார் இப்றாஹீம் முதலாளி. "முதல்ல இவனுக்கு நோன்பு துறக்கத் தண்ணி கொண்டு வா. நீயே கொண்டு வந்து குடு."

றமீலா திரையை முழுதாக விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.