விளக்கு இல்லாத மடிநூல்

வெள்ளிக்கிழமை மடிநூல் மாற்றும் நாள். வெயில் ஏறிவிட்டால் திருச்செங்கோட்டில் மனிதன் வெளியே தலைகாட்ட முடியாது. அதனால் படநூல் கூடத்தைக் கோழி கூவியதுமே திறந்துவிடுவார்கள். கோழி என்றால் நிஜக் கோழி இல்லை, கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி. அர்த்தநாரிக்கு அந்தக் கோழியின் மேலேயே நம்பிக்கை கிடையாது.

அவர் இங்கே வருவது இதுதான் முதல் தடவை. வாலிபத்தில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் போர் வண்டியில் ஏறியவர், ராஜஸ்தான், ஆப்பிரிக்கா என்று மண்ணைத் துளைத்துக்கொண்டே திரிந்துவிட்டுப் போன வருஷம்தான் மகள் மேகலாவின் வீட்டுக்குத் திரும்பினார். மருமகன் அவளைக் கைக்குழந்தையோடு விட்டுவிட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. பேத்தி யாழிக்கு இப்போது நான்கு வயது. அவளுக்கு மடிநூல் எடுத்து வந்து படம் காட்டியதெல்லாம் பக்கத்து வீட்டுப் பெண். அவள் போன வாரம் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள். போகும்போது அர்த்தநாரியின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுதாள். ஊரை விட்டுப் போகிற அழுகை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"நீயே போய் எடுத்தா என்ன?" என்று மகளைக் கேட்டதற்கு மேகலா தலையாட்டிவிட்டாள்.

"நானு அறியா உரிமைல கையெழுத்துப் போட்டிருக்கறனுங்கப்பா. அந்தப் புஸ்தகத்த நான் பாக்கப்படாது. நீங்களே எடுத்து நீங்களே அவளுக்குக் காட்டுங்க. எங்கிட்ட மட்டும் காட்டீராதீங்க."

"பொம்மப் படம் பாக்கறதுக்கு ஒரு சட்டமா? எந்த வேலையத்தவன் போட்டான்?"

"போயிட்டு வாங்கப்பா."

கூடத்துக்குள் குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தது. ஆனாலும் வரிசையில் நின்றவர்களுக்கு வியர்த்திருந்தது. தேர்வி என்ற பெட்டி ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று மடிநூலும் மூன்று செய்நூலும் அச்சடித்துத் தள்ளும். மடிநூலில் எழுத்தே கிடையாது, முழுக்கப் படம். செய்நூல் பெரியவரும் குழந்தையும் சேர்ந்து ஒட்டவும் மடிக்கவும் கட்டவும். வந்தவர் ஒவ்வொரு வகையிலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

அர்த்தநாரிக்கு விசித்திரமாகப் பட்டது ஒன்றுதான். ஒருத்தரும் அட்டையைப் பார்க்கவில்லை. எல்லோரும் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினார்கள். அவருக்கு முன்னால் நின்ற பையன் புரட்டிப் பார்த்துவிட்டு அப்பாடா என்று மூச்சு விட்டான், புத்தகத்துக்கு முத்தமே கொடுத்தான். ஊரே கிறுக்குப் பிடித்து அலைகிறது என்று அவர் முடிவு செய்தார்.

யாழிக்கான ஆறு புத்தகங்களும் சூடாக வந்து விழுந்தன. பொறுப்பாளர் ஜெரினா நாற்பது வயதுப் பெண்மணி. தேர்வியின் திரையைப் பார்த்தவள், "ஐயா, உக்காந்து பாருங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

முதல் மடிநூலைத் திறந்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. படத்தில் இருந்த கிழவனுக்கு இடது ஆள்காட்டி விரல் பாதிதான். வண்டிச் சங்கிலி தின்ற விரல்.

"அட, இது நானல்லோ! என்ற விரலக்கூட வரைஞ்சிருக்கானே களவாணி!"

பக்கத்துக்குப் பக்கம் அவர்தான். பேத்திக்குச் சோறு ஊட்டுகிறார், குளிப்பாட்டுகிறார், பள்ளிக்கூடத்து வாசலில் கையாட்டுகிறார். அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "புள்ள என்மேல எத்தன உசுரா இருக்குதுன்னு பொட்டிக்கே தெரியுது பாரு அம்மிணி," என்றார். ஜெரினா சிரிக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் ஓரடி தள்ளி நின்றுகொண்டார்கள்.

அப்போதுதான் அவர் படங்களில் மேகலாவைத் தேடினார். முதல் நூலின் கடைசிப் பக்கத்தில் மேகலா வாசற்படியில் சிரித்துக்கொண்டு நின்றாள். இரண்டாவதில் ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில், முதுகு காட்டியபடி. மூன்றாவதைப் புரட்டினார். யாழியும் அவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் சுவரில் மேகலாவின் படம் மாட்டியிருந்தது. படத்துக்குக் கீழே ஒரு சின்ன விளக்கு எரிந்தது.



"எவண்டா இத வரைஞ்சவன்?" நாற்காலி பின்னால் போய் விழுந்தது. "உசுரோட வேலைக்குப் போயிட்டு வர்ற புள்ளைக்கு வெளக்கு வெக்கறானா? கூப்புடு அவன!"

"யாரும் வரையலீங்கய்யா. உங்க பொண்ணு மணிக்கட்டுல உடல்மானி கட்டியிருக்கறாங்கல்ல, அது சொல்றத வெச்சுத் தேர்வி வரையறது."

"மானி என்ன சொல்லுச்சு?"

ஜெரினா குரலைத் தாழ்த்தினாள். "வைத்தியம் இருக்கற நோயின்னா மானியே கூப்புட்டுச் சொல்லிருமுங்க. வைத்தியம் இல்லாதத மட்டும், வேண்டாம்னு எழுதிக் குடுத்தவங்ககிட்டச் சொல்லாது. அதுதான் பெரியவங்களோட அறியா உரிமை. ஆனாக் கொழந்தைக்கு ஆயத்த உரிமைன்னு ஒண்ணு இருக்குதுங்க. திடுக்குனு ஒருநாள் தெரிஞ்சு அது ஒடைஞ்சு போயிரக் கூடாது. படத்துலயே கொஞ்சங் கொஞ்சமாப் பழகிக்கணும்."

"ஆத்தாள்ட்ட சொல்ல மாட்டீங்க, நாலு வயசுப் புள்ளைகிட்டச் சொல்லுவீங்க."

"ஆமாங்க."

"நாசமாப் போக."

"திட்டுங்கய்யா. எல்லாரும் திட்டறதுதான்."

பக்கத்து வீட்டுக்காரியின் அழுகை இப்போதுதான் காதில் சரியாக விழுந்தது. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"மெஷினு சொல்றது தப்பாப் போவுமில்ல? இந்த எடத்துல தண்ணி கரைபுரளுதுன்னு சொல்லும், போர எறக்கிப் பாத்தாத் தண்ணியில்லாம வெறும் மண்ணுப் பொக வரும். எத்தன எடத்துல நானே பாத்திருக்கறேன்."

"போவுமுங்க. எப்பயாச்சும்."

"எத்தன நாளுன்னு சொல்லுச்சா?"

"நாளு சொல்லாதுங்க. நீங்க ஒண்ண எடுக்கணும். வாசப்படி நிக்கறது மெதுவாச் சொல்றது. வெளக்கு வெச்சது நேராச் சொல்றது. எது அந்தப் புள்ளைக்குத் தாங்கும்னு உங்களுக்குத்தான் தெரியும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெய்யுங்க. உங்க பொண்ணுகிட்டச் சொல்லீராதீங்க, குத்தமாயிரும்."

"எங்கொழந்தைகிட்ட நான் பேசறது குத்தமா!"

அவள் விழுந்து கிடந்த நாற்காலியை எடுத்து நிமிர்த்தினாள்.

விளக்குப் புத்தகத்தை அவர் தொடவே இல்லை, முழங்கையால் தள்ளிவிட்டார். வாசற்படி நூலை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். செய்நூல் மூன்று கிடந்தன. ஒன்றில் அட்டைத் தக்காளி, அட்டைக் கத்தி, சாப்பாட்டு டப்பா. தான் செய்கிற சமையலை அப்பன் எதற்குப் பழகுகிறார் என்று மேகலாவுக்குப் பொறி தட்டிவிடும். இன்னொன்றில் சீருடைக்குப் பித்தான் போட வேண்டும், அதுவும் ஆகாது. மூன்றாவதில் வெறும் கம்பளி நூல்தான், கருப்பில் மூன்று புரி, ஒரு பொம்மைத் தலையில் ஒட்டியிருந்தது. பார்த்தால் கயிறு திரிக்கிற வேலை. வண்டியில் எத்தனை கயிறு முறுக்கியிருக்கிறார். இதில் ஒருத்தரும் ஒன்றும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று அதை எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது மேகலா வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, மதியத்துக்கு மேல் போகிறேன் என்றாள். நேற்றும் இதைத்தான் சொன்னாள். நேற்று அவர் காதில் அது விழவில்லை. இன்று அவளை நிமிர்ந்து பார்க்கவே அவரால் முடியவில்லை.

"நல்ல படமுங்களா?" அவள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டே கேட்டாள்.

"யானை," என்றார். "ஊருப்பட்ட யானை."

யாழி ஓடி வந்து மடியில் ஏறினாள். அவர் மடிநூலைப் பிரித்தார். கடைசிப் பக்கத்தை மட்டும் இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அப்புச்சி, யானை எங்க?"

"தூங்கப் போயிருச்சு சாமி. வா, கயிறு திரிக்கலாம்."

செய்நூலை விரித்துப் புரிகளைக் கையில் எடுத்தார். முறுக்கினார், அவிழ்ந்தது. ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டார், மூன்றும் சிக்கிக்கொண்டன. பாதி விரலில் பிடி நிற்கவில்லை. "அப்புச்சிக்குத் தெரில, அப்புச்சிக்குத் தெரில," என்று யாழி கைதட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"ஏஞ்சாமி மேகலா, மூணு புரிய எப்பிடி ஒண்ணாக்கறது?"

மேகலா சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"செய்நூல்ல என்னங்க குடுத்தாங்க?"

"ஒண்ணுமில்ல. கயிறு."

"அம்மா, பொம்மைக்குச் சடை!" என்றாள் யாழி. "அப்புச்சி சடை போடுது!"

தினமும் காலையில் யாழிக்குச் சடை பின்னுவது மேகலா. அந்த வேலையை இந்த வீட்டில் வேறு யாருமே தொட்டதில்லை. அது இப்போதுதான் அர்த்தநாரிக்கு உறைத்தது. கம்பளியைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் ஒளித்தார், திருடி மாட்டிக்கொண்ட பையன் மாதிரி.

"பொட்டி தப்பாக் குடுத்திருச்சு சாமி. பொக. வெறும் பொக. நான் மாத்திட்டு வந்தர்றேன்."

மேகலா மெதுவாகத் திரும்பினாள். அழவில்லை. மடியில் கிடந்த மடிநூலைப் பார்க்காமல் அப்பாவின் முகத்தை மட்டும் பார்த்தாள். பிறகு மகளை இழுத்து முன்னால் உட்காரவைத்து, பின்னியிருந்த சடையை அவிழ்த்துவிட்டாள்.

"கம்பளில வராதுங்கப்பா. இவ முடியிலயே புடிங்க. மூணாப் பிரியுங்க. நடுவுல இருக்கறத விடாதீங்க."

"வேண்டாஞ்சாமி. எனக்கு வெரலு இல்ல. இன்னொரு நாளைக்குக் கத்துக்கறேன்."

அவருடைய பாதி விரலை எடுத்து, தன் விரலை அடியில் முட்டுக்கொடுத்து, குழந்தையின் முடிக்குள் வைத்தாள் மேகலா.

"இன்னைக்கே கத்துக்குங்கப்பா."