செயலி உதறிய வரி

கைப்பேசியின் வீட்டுக் காவல் செயலியில் இரண்டு பெயர்கள்தான் தெரிந்தன. ஆனால் சர்வரிலிருந்து வந்திருந்த தகவல் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது.

யூ-சென் இருட்டிய கூடத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தைவானின் கீலூங் துறைமுகத்து மழை சன்னல் தகரத்தை ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தது. படையலுக்கு வைத்த பன்றிக்கறிச் சோற்றின் மணத்துக்கும் ஊதுபத்திப் புகைக்கும் அடியில், கடற்பாசியின் ஈர நாற்றம் மெல்ல ஊறிவந்தது. பாறையில் மீன்பிடிக்கப் போன கணவன் குவான்-திங்கைக் கடல் கொண்டுபோய் இன்று ஏழாம் நாள். இறந்தவர் வீடு திரும்பும் நாள்.

அவன் அக்கா ஷூ-ஃபென் காலையிலேயே ஃபோனில் சொல்லியிருந்தாள்.

"பொழுது சாஞ்சதும் விளக்கை அணைச்சிடு. அவன் வந்தா எட்டிப் பாக்காத. கதவை மட்டும் பூட்டிடாதடி! சாவி தொலைக்கிறதுல உன் புருஷன் மன்னன். செத்தும் அவனை வாசல்ல நிக்க வச்சிடாத."

"திறந்தே வைக்கிறேன் அண்ணி."

திறந்தே வைத்திருந்தாள்.

தரைக்கடியில் உள்ள உணரிகள் காலடியை வைத்து ஆளை அறிந்து, எங்கோ இருக்கும் சர்வருக்குச் சொல்லும்; வாசற்பூட்டும் அப்படியே. சர்வர் எல்லாவற்றையும் ஒரே எழுத்துச் சரமாகக் கோத்துத் திருப்பியனுப்பும். செயலி அதைப் பிரித்து, தனக்குப் புரிந்ததைக் காட்டும். புரியாததைச் சத்தமில்லாமல் உதறிவிடும். அந்தச் செயலியை அப்படி எழுதியவளே அவள்தான். அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். இல்லையென்றால் செயலி பாதியில் நின்றுபோகும்.

மடிக்கணினியில் அந்தச் சரத்தை வந்தபடியே திறந்தாள்.

யூ-சென்: கூடம்.
பின்-யான்: படுக்கையறை.
பெயர் இல்லை: படுக்கையறை.

வந்துவிட்டான். நேரே மகளிடம் போயிருக்கிறான். கண் நிறைந்தது.

"அம்மா," உள்ளிருந்து பின்-யான் கூப்பிட்டாள். "அப்பா பேசவே மாட்டேங்கிறாரு. கையெல்லாம் சில்லுன்னு இருக்கு."

"பயப்படாதடா கண்ணு. அப்பாதானே."

சொன்ன பிறகுதான் உறைத்தது. குவான்-திங்கின் காலடி இன்னும் சர்வரில் பதிவாகியிருந்தது. அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவன் வந்திருந்தால் பெயரோடு வந்திருப்பான்.

திரை அசைந்தது. புதிய வரி.

குவான்-திங்: வாசல்.

அதன் கீழே இன்னொன்று.

வாசற்கதவு: பூட்டியுள்ளது. உள்ளிருந்து.

வாசற்கதவு அதிர்ந்தது. ஒரு முறை. மறுபடி. வெறிபிடித்தாற்போல.

"பின்-யான்! வெளிய வா!"



படுக்கையறைக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டிருந்தது. இடுக்கில் மகளின் சின்ன விரல்கள், நிலையைப் பற்றியபடி.

அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும் ஈரமான கை.