கதிர்க் கிரீடம்

காலை 9.10. அக்காவும் தங்கையும் வேலை பார்க்கும் அருங்காட்சியக நாணய அறை. இழுப்பறையைத் திறந்த தங்கை, "ஐயோ, காணோம்!" என்று அலறினாள்.

தட்டில் பன்னிரண்டு குழிகள், ஒன்று காலி. எல்லாம் ரோமானிய வெண்கலக் காசுகள். பின்பக்கம் எல்லாவற்றிலும் தராசு பிடித்த அதே தேவி. முன்பக்கம் பதினொன்றில் இலைமாலை சூடிய பேரரசன், ஒன்றில் மட்டும் அதே அரசன், சூரியக் கதிர்கள் போல முனைகள் நீட்டிய கதிர்க் கிரீடத்தோடு. காணாமல் போனது அதுதான். அப்படியொரு காசு வேறெங்கும் கிடைத்ததில்லை என்று கண்டுபிடித்தவள் தங்கை. பதினொரு மணிக்கு அவள் மேடையில் அதைக் காட்டிப் பேச வேண்டும். காசுகளின் அடையாளச் சீட்டுகள் முந்தின மாலையே காட்சிப் பெட்டிக்குப் போய்விட்டன.

9.40. பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். சாவி மூன்று பேரிடம் இருந்தது: தங்கை, இருபது வருடமாக அதே அறையில் இருக்கும் அவள் அக்கா, துப்புரவுத் தொழிலாளி.

"பெருக்க வர்றவர்தான் எடுத்திருப்பாரு," என்றாள் அக்கா, யாரும் கேட்பதற்கு முன்பே.

துப்புரவுத் தொழிலாளிக்கு முகம் வெளிறிவிட்டது. "இந்த வேலை போச்சுன்னா என் குடும்பம் தெருவுலதாம்மா."

இன்ஸ்பெக்டர் தட்டைப் பார்த்தார். பத்துக் காசுகளில் தேவி மேலே இருந்தாள். காலிக் குழிக்குப் பக்கத்துக் காசில் மட்டும் அரசன்.

"நேத்து இப்படியா வெச்சீங்க?" என்று தங்கையிடம் கேட்டார்.

"இல்ல மேடம். நான் எப்பவும் தேவி பக்கம்தான் மேல வெப்பேன். என் ஆராய்ச்சியே அதுதான்."

"சின்ன வயசுலேர்ந்து இவ எல்லாத்தையும் தலைகீழாத்தான் வெப்பா," என்றாள் அக்கா. "ராஜா மூஞ்சி குப்புறக் கிடக்கலாமா? என் அலமாரியைப் பாருங்க."

பார்த்தார். வரிசை வரிசையாக அரசர்கள், பள்ளிக்கூட குரூப் போட்டோ போல. இரண்டாவது இழுப்பறையில் அவர் பார்வை கொஞ்ச நேரம் நின்றது.

10.25. "பின்பக்கம் பார்த்தா பன்னிரண்டும் ஒண்ணுதான்," என்றார் இன்ஸ்பெக்டர். "சீட்டும் இல்ல. திருடினவங்க முதல்ல பக்கத்துக் காசை எடுத்துத் திருப்பினாங்க. இலைமாலை. வேண்டாம்னு வெச்சுட்டாங்க. பெருக்கறவருக்கு இலைக்கும் கதிருக்கும் வித்தியாசம் எதுக்கு? தெரிஞ்ச கை அது. வைக்கும்போது பழக்கதோஷத்துல ராஜாவை மேல வெச்சிடுச்சு."

அக்காவின் இழுப்பறையிலிருந்து ஒரு காசை எடுத்தார். இலைமாலைத் தலைகளுக்கு நடுவே கதிர்க் கிரீடம்.

"எறிஞ்சிருக்கலாமே?"

"மனசு வரல," என்றாள் அக்கா. "காசு என்ன பாவம் பண்ணுச்சு? இவளை இந்த வேலையில சேர்த்துவிட்டதே நான். 'சாதாரணக் காசு'ன்னு இதுக்குச் சீட்டு எழுதினதும் நான்தான். வந்து மூணே வருஷத்துல இது அபூர்வம்னு இவ கண்டுபிடிச்சுட்டா. வயிறு எரியுதுங்க."

தங்கை அழுதாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன்னையும் மேடை ஏத்தியிருப்பேனேக்கா."

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அதுதான்டி தாங்கல. நீ கை கொடுத்து நான் ஏறணுமா?"