அட்டவணையில் இல்லாத ரத்துச் சீட்டு

முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்ப்பது ஆய்வாளரின் வழக்கம். காவல் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் உழைத்து, ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆன பிறகும் அந்த வழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. "முகம் பொய் சொல்லிப் பழகியது, காலை யாரும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை" என்பார். யார் எதிரில் வந்து நின்றாலும் அவர் பார்வை தரையைத் தொட்டுவிட்டுத்தான் மேலே ஏறும். "வர்றவங்க எல்லாம் செருப்பு விக்க வர்றாங்கன்னு நினைப்பா உங்களுக்கு?" என்று அவர் மனைவி அலுத்துக்கொள்வதும் அதே அளவு பழைய வழக்கம்.

அந்தக் கடற்கரை விடுதியில் அவர்களுக்கு அது ஆறாம் நாள். மணிக்கட்டில் நீலப் பட்டை ஒன்றைக் கட்டிவிட்டால் போதும். மூன்று வேளை உணவு, நடுவில் கேக்கும் ஐஸ்கிரீமும், படகு, நீச்சல், மலையேற்றம் எல்லாம் அந்தப் பட்டைக்குள் அடக்கம். மனைவியின் தம்பி இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து ஒரு நிமிடத்தையும் வீணாக்க விடவில்லை. தங்கும் ஏழு நாளையும் அரைமணிக் கட்டங்களாகப் பிரித்து இரண்டு அறைக் கதவுகளிலும் ஒட்டியிருந்தார். குடும்பத்துப் பிள்ளைகள் அவருக்கு 'அட்டவணை' என்று பெயர் வைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. தம் மனைவிக்கு விடுப்புக் கிடைக்காததால் இரு பெண்களை மட்டும் அழைத்துக்கொண்டு, அக்காளையும் அத்தானையும் வற்புறுத்திக் கூட்டி வந்திருந்தார். ஒரு மர நிழலும் ஒரு நாற்காலியும் போதும் என்று வந்த ஆய்வாளர், ஐந்து நாளாக ஓடி ஓடி, ஓய்வெடுப்பதைப் போலக் களைப்பான வேலை உலகில் வேறில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

ஆறாம் நாள் கட்டத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தது: 'சாகசப் பூங்கா. காலை ஆறரை மணி வேன்.' மலையின் இரு முனைகளுக்கிடையே கட்டிய கம்பிவடத்தில் தொங்கியபடி பள்ளத்தாக்கைப் பறந்து கடக்கலாம். கீழே இரண்டு கோடு போட்டு ஒரு குறிப்பும் இருந்தது: 'மூடிய ஷூ கட்டாயம். இல்லாதவர்களை வாசலிலேயே திருப்பிவிடுவார்கள்.'

ஆனால் அன்று காலை ஆறரைக்கு ஐவரும் வாசலுக்கு வந்தபோது வேன் இல்லை. வேறொரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பத்து நிமிடம் முன்பே போய்விட்டதாகக் காவலாளி சொன்னார். பெண்கள் இருவரும் ஷூ நாடாவை இரட்டை முடிச்சாகப் போட்டுக்கொண்டு வாடிப் போய் நின்றார்கள். ஆய்வாளரின் மனைவியை அவளுடைய புது ஷூ கடித்தது. எந்தப் பயணத்துக்கும் அரைமணி முன்னதாக எல்லோரையும் கொண்டுவந்து நிறுத்தும் அட்டவணை, இன்று மணிக்குச் சரியாக வந்ததையே பொறுக்காதவர்போல், ரப்பர்ச் செருப்பு சட் சட்டென்று ஒலிக்க வாசலுக்கும் வரவேற்பறைக்கும் நடந்தார். "இது யார் பண்ண வேலை?" என்று அவர் கேட்ட கேள்வி மேலாளரின் அறைவரை எட்டியது. அப்போதே ஆய்வாளருக்கு ஒரு களைப்பு வந்தது. விடியற்காலையில் எழுந்ததால் வந்தது என்று அவர் மனைவி நினைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு அவர் மர நிழலில் ஷூவைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஒரு ஜோடி கறுப்புக் காலணிகள் எதிரில் வந்து நின்றன. நன்றாகத் துடைத்தவை, குதிகால் மட்டும் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. நாளெல்லாம் நின்றபடி வேலை செய்பவரின் கால். நிமிர்ந்து பார்த்தார். வெளிப்பயணங்களைப் பதிவு செய்யும் சுற்றுலா மேசைப் பெண்.

"சார், ஒரு பத்து நிமிஷம் பேசலாமா? நீங்க போலீஸ்ல இருந்தீங்கன்னு சின்னப் பாப்பா சொன்னா."

"இருந்தேன். இப்ப நாற்காலியில இருக்கேன். உக்காருங்கம்மா."

அவள் உட்காரவில்லை. "உங்க அஞ்சு பேர் இடத்தையும் நான்தான் ரத்து பண்ணினேன்னு மேலாளர் சொல்றார். டிரைவர் பெட்டியில ரத்துச் சீட்டு கிடந்திருக்கு. என் மேசை முத்திரை போட்டிருக்கு. நான் போடல சார். ஆறு மாசம் தகுதிகாண் காலம், நாளையோட முடியுது. பன்னிரண்டு மணிக்குள்ள நானே ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுக்கணுமாம். இல்லன்னா அவரே அனுப்பிடுவாராம். எப்படிப் பார்த்தாலும் வேலை போச்சு."

"உங்க மேல ஏன் சந்தேகம் வந்துச்சு?"

"நேத்து காலைல ஒரு வார்த்தை விட்டுட்டேன்." அவள் ஆய்வாளருக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டுத் தயங்கினாள். "உங்க மச்சான் சார் ஏழாவது தடவையா நேரத்த மாத்தச் சொன்னார். 'இன்னொரு தடவை வந்தீங்க, அஞ்சு பேரையும் பட்டியல்லேர்ந்து அடிச்சிடுவேன்'னு சிரிச்சிக்கிட்டுதான் சொன்னேன். மேலாளர் பின்னாடியே நின்னிருந்திருக்கார்."

பின்னாலிருந்து செருப்பொலி நெருங்கியது. அட்டவணை கையில் குறிப்பேட்டுடன் வந்துவிட்டார். "அத்தான், இத சும்மா விடக் கூடாது. இந்தப் பொண்ணு செஞ்சிருக்கவே செஞ்சிருக்காது, அது மட்டும் நிச்சயம். சந்தேகப்பட வேண்டியவங்க பட்டியல் நான் போட்டாச்சு."

"பட்டியல் போடாம உனக்கு மூச்சு வருமா, மச்சான்?" என்று சொல்லி ஆய்வாளர் பெருமூச்சோடு எழுந்தார்.

சுற்றுலா மேசை வரவேற்பறையின் மூலையில் இருந்தது. மேசைமேல் ரத்துச் சீட்டுக் கட்டு, பக்கத்தில் மை ஒற்றும் பெட்டி, முத்திரை. மேசையை ஒட்டி, விருந்தினரின் பெட்டிகளை நிறுக்கும் மேடைத் தராசு. அதன் தலையில் வட்டமான முகப்பும் முள்ளும். நேற்று ஒரு மணி முதல் ஒன்றரை வரை அவள் சாப்பிடப் போயிருந்தாள். அந்த நேரத்தில் இந்த இடத்தில் யாரும் இருப்பதில்லை; எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்தில்தான்.

"பயணத்த எப்படி ஏற்பாடு பண்றீங்கம்மா?"

"சாயங்காலம் ஆறு மணிக்குப் பூங்காவுக்கு ஃபோன்ல பட்டியல் சொல்வேன் சார். ஒவ்வொருத்தர் எடையும் சொல்லணும். அதுக்கேத்த இடுப்பு பெல்ட்ட எடுத்து வைப்பாங்க. விருந்தாளிகளே ரத்து பண்ணணும்னா சீட்டெழுதி முத்திரை வாங்கி டிரைவர் பெட்டியில போடலாம். அறையில வச்சிருக்கிற அட்டையில அப்படித்தான் போட்டிருக்கும்."

அவள் பட்டியலை நீட்டினாள். ஐவரின் எடையும் அவரவர் வாயால் சொன்னபடி இருந்தது. மைத்துனர் பெயருக்கு எதிரில் தொண்ணூற்றாறு. மேலே பூங்காவின் விதி அச்சிட்டிருந்தது: 'நூறு கிலோ வரை மட்டும். வாசலில் அனைவரும் நிறுத்துப் பார்க்கப்படுவர்.'

"நேத்து சாயங்காலம் எங்க அஞ்சு பேரையும் சொன்னீங்களா?"

"சொன்னேன் சார். வேணும்னா கேளுங்க." அவளே பூங்காவை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டாள். அலுத்த குரல் ஒன்று, ஐந்து பெல்ட்டுகளைத் துடைத்து வைத்துக் காத்திருந்ததாகவும், வேனிலிருந்து இறங்கியவர்களுக்கு அதில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை என்றும் குறைபட்டுக்கொண்டது.

ஆய்வாளர் ரத்துச் சீட்டையும் வாங்கிப் பார்த்தார். அச்செழுத்தைப் போலத் தனித்தனியாக வரைந்த எழுத்துகள். எழுத்தை வைத்து எழுதியவரைச் சொல்ல முடியாது. காரணம் என்ற இடத்தில் 'உடல்நிலை' என்றிருந்தது.

வேன் கொட்டகை விடுதியின் பின்புறம். பூங்காவில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பியிருந்த ஓட்டுநர், வெறுங்காலோடு சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அஞ்சே முக்காலுக்குப் பெட்டியத் திறந்தேன், சீட்டு கிடந்துச்சு. காத்திருப்போர் பட்டியல்ல முதல்ல இருந்தது, எப்பவும் தொப்பி போட்டிருக்கிற ஒருத்தரோட குடும்பம். அவர எழுப்பி, 'இடம் இருக்கு, வர்றீங்களா'ன்னு கேட்டேன்."

"பார்த்தீங்களா அத்தான்" என்று அட்டவணை எழுதத் தொடங்கினார். "தொப்பிக்காரர். லாபம் அடைஞ்சவர் அவர்தான்."

"அவர் உடனே கிளம்பிட்டாரா?" என்றார் ஆய்வாளர்.

"எங்க சார். குளிக்கிற செருப்போட ஓடி வந்தார். ஷூ இல்லாம விட மாட்டாங்கன்னேன். திரும்பப் போய், பெட்டியெல்லாம் கவுத்து ஷூவத் தேடிப் போட்டுட்டு வர்றதுக்குப் பத்து நிமிஷம். பாவம், ஒரு காலுக்கு சாக்ஸே இல்ல."

"உங்களுக்கு இதனால எதாவது?"

"எனக்கென்ன சார், யார் ஏறினாலும் அதே மலை, அதே வளைவு."

திரும்பும் வழியில் சிமெண்டுப் பலகை ஒன்று இருந்தது. ஆய்வாளர் அதில் உட்கார்ந்தார். மணி பதினொன்று கடந்திருந்தது.

"தொப்பிக்காரர்தானே அத்தான்?" என்றார் மைத்துனர். குரலில் கேள்வியைவிட வேண்டுதல் அதிகம் இருந்தது.

"உக்காரு. ஒரு கதை சொல்றேன். ஒரு காட்டுல கரும்புத் தோட்ட வேலிய யாரோ உடைச்சிட்டாங்க. பழி முயல் மேல விழுந்துச்சு. துப்பு துலக்க முன்னால வந்தது யாரு தெரியுமா? ஆனை. நரி காலடி, மான் காலடி, பன்னி காலடின்னு எல்லாத்தையும் ஓடி ஓடி அளந்துச்சாம். தான் நின்னுக்கிட்டிருந்த தடத்த மட்டும் அளக்கல."

"ஏன் அத்தான், குறிப்பா ஆனை?"

"அதுக்கும் வர்றேன்." ஆய்வாளர் கண்ணை மூடிக்கொண்டார். "அந்தப் பொண்ணு செய்யணும்னு நினைச்சிருந்தா, சாயங்காலம் ஃபோன்ல நம்ம பேரச் சொல்லாம விட்டாலே போதும். தடயமே இருக்காது. தன் வீட்டுக்குள்ள போக யாரும் ஓடு பிரிச்சு இறங்க மாட்டாங்க. சீட்டப் போட்டது, ஃபோன் விஷயம் தெரியாத ஒரு விருந்தாளி. அறையில இருக்கிற அட்டைய வரி விடாமப் படிச்ச விருந்தாளி. தொப்பிக்காரர் போட்டிருந்தா, இடம் கிடைக்கும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். ராத்திரியே ஷூவ வாசல்ல எடுத்து வச்சிருப்பார். போகப் போறோம்னு தெரியாதவர் அவர். அதான் செருப்போட வந்தார்."

மைத்துனர் குறிப்பேட்டை மூடி மடியில் வைத்தார்.

"இன்னிக்குக் காலைல செருப்போட வந்த இன்னொருத்தரும் இருக்கார். ஷூ கட்டாயம்னு ரெண்டு கோடு போட்டு எழுதினவர். எல்லார் காலையும் சரி பார்த்தவர். அவர் மட்டும் செருப்போட வந்தார். ஏன்னா, போகப் போறதில்லன்னு அவருக்குத் தெரியும். வேன் கண்ணுல படக் கூடாதுன்னுதான் அரைமணி முன்னாடி வர்றவர் இன்னிக்கு மணிக்குச் சரியா வந்தார்."

மைத்துனர் தம் காலைப் பார்த்துக்கொண்டார். நீலநிற ரப்பர்ச் செருப்பு. அதை இப்போதுதான் முதல்முறை பார்ப்பவர் போலிருந்தது.

"அஞ்சு நாளா மூணு சுத்து சுத்தி தட்டு நிரப்பினவன், நேத்து ராத்திரி வெள்ளரிக்காயத் தின்னுட்டு எழுந்திருச்ச. அப்ப எனக்குப் புரியல. தராசு மேசைக்குப் பக்கத்துலயே இருக்கிறதப் பார்த்ததும் புரிஞ்சுது."

அட்டவணை தலை நிமிராமலே பேசினார். "வீட்ல தொண்ணூத்தாறுதான் அத்தான், சத்தியமா. நேத்து மதியம் யாரும் இல்ல, சும்மா ஏறி நின்னேன். முள்ளு நூத்தி மூணுல நின்னுச்சு. செருப்பக் கழட்டிப் பார்த்தேன். மூச்ச விட்டுட்டு நின்னு பார்த்தேன். அப்பவும் நூத்தி மூணு. ரெண்டு மாசமா பொண்ணுங்ககிட்ட 'அப்பா உங்க கூடவே பறப்பேன்'னு சொல்லி வச்சிருக்கேன். பூங்கா வாசல்ல கூட்டத்துக்கு முன்னால ஏத்தி நிறுத்தி, 'நீங்க ஓரமா நில்லுங்க'ம்பாங்க. சீட்டும் முத்திரையும் கைக்கெட்டுற தூரத்துல இருந்துச்சு. வேன் வரலன்னா ஏதோ குளறுபடின்னு முடிஞ்சிடும்னு நினைச்சேன். இப்படி ஒருத்தர் வேலைக்கே உலை வைக்கும்னு நினைக்கல. காலைல ஒத்துக்கலாம்னா, பொண்ணுங்க ரெண்டும் பக்கத்துல நிக்குதுங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"ராத்திரி வந்தேன் அத்தான். நீங்க தூங்கிட்டீங்க."

ஆய்வாளர் குனிந்து ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினார். காலையில் அந்தச் செருப்பைப் பார்த்த கணத்திலிருந்து சுமந்துகொண்டிருந்த களைப்பு இப்போது இன்னும் கொஞ்சம் கனத்தது. "முப்பத்தொரு வருஷம் நாந்தான் எழுந்து நின்னு 'இவர்தான்'னு சொன்னேன். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தர் தலை தொங்கும். அலுத்துப்போச்சு, மச்சான். பன்னிரண்டுக்கு இன்னும் அரைமணி இருக்கு. இத நீயே உன் அட்டவணையில எழுதிக்கோ."

வரவேற்பறையில் மேலாளர் மணியைப் பார்த்தபடி நின்றார். மேசைப் பெண்ணின் முன் வெள்ளைத்தாள் ஒன்று. அதில் அவள் இன்னும் ஒரு வரியும் எழுதவில்லை. ஆய்வாளரின் மனைவி இரு பெண்களோடு நாற்காலியில் இருந்தாள். ஊர் திரும்புபவர்கள் பத்துப் பதினைந்து பேர் பெட்டிகளோடு வரிசையில் நின்றார்கள்.

அட்டவணை நேரே மேசைக்குப் போனார். "அந்தச் சீட்ட எழுதினது நான். முத்திரை போட்டதும் நான்."

மேலாளர் புன்னகை செய்தார். "நல்ல மனசு சார் உங்களுக்கு. இவங்க கண்ணக் கசக்கினதும் இரக்கப்பட்டுட்டீங்க. நீங்களே போட்ட பயணத்த நீங்களே ஏன் ரத்து பண்ணப் போறீங்க?"

மைத்துனர் ஒருமுறை தம் பெண்களைப் பார்த்தார். ஒருமுறை வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு செருப்பை ஒவ்வொரு காலாக மெல்லக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பெட்டி நிறுக்கும் தராசில் ஏறி நின்றார். பலகை முனகியது. முள் ஆடி, நூற்றைத் தாண்டி, நின்றது.

"நூத்தி மூணு" என்று அவரே உரக்கப் படித்தார். "வரம்பு நூறு. பூங்கா வாசல்ல இப்படி நிக்க வெக்கப்பட்டுத்தான் செஞ்சேன். பழி இவங்க மேல விழுந்தப்ப வாய மூடிக்கிட்டிருந்தேன்."

வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மேலாளரின் புன்னகை போய்விட்டது.

மைத்துனர் இறங்கி மேசைப் பெண்ணின் எதிரில் நின்றார். "ஏழு தடவை உங்கள அலைய விட்டேன். எட்டாவது தடவை வேலையவே பறிக்கப் பார்த்தேன். மன்னிச்சிடுங்கம்மா. அந்தத் தாளக் குடுங்க, எழுத வேண்டியது நான்."

அவள் உடனே கொடுக்கவில்லை. அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தாளைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினாள். பேனாவை அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

"பயணத்த நாளைக்கு மாத்தித் தர முடியுமான்னு பாருங்க" என்று மேலாளர் அவளிடம் சொன்னார். குரல் இறங்கியிருந்தது. "இனியும் மேசைப் பொறுப்பு நீங்கதானே."

மூத்தவள் போய்த் தந்தையின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். இளையவள் சிந்தித்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப நாளைக்கு எங்க கூட மாமா பறக்கட்டும். அப்பா கீழ நின்னு ஃபோட்டோ எடுக்கட்டும்."

ஆய்வாளரின் முழங்கால்கள் இரண்டும் ஒரே நேரத்தில் வலித்தன. ஆனாலும் மறுக்கவில்லை. மேசையின் முன் ஒரு பெரிய மனிதர் வெறுங்காலோடு குனிந்து நின்று, அச்செழுத்தில் அல்லாமல், தம் சொந்தக் கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கால்களில் பார்ப்பதற்கு இனி ஒன்றுமில்லை. ஆய்வாளர் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.