குறையாத தண்ணீர்

பொழுது விடிந்தும் விடியாததுமாக மூத்த மருமகள் குழாயடியில் காத்துக் கிடந்து பிடித்து வந்த குடத்தை, மாமியார் அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கவிழ்த்தாள். தெருவுக்கே கேட்கட்டும் என்றுதான் கவிழ்த்தாள்.

"இவ கை பட்ட தண்ணி இந்த வீட்டுக்கு வேணாம்! ஒரு உசுரக் குடிச்சது பத்தலையா?"

இருபத்தோரு நாளாக இதே பேச்சுதான். மூத்தவள் காலிக் குடத்தை எடுத்துக் கழுவி இளைய மருமகளிடம் நீட்டினாள்.

"நீயே போய்ப் பிடிச்சிட்டு வாம்மா. அத்தை குடிக்கட்டும்."

இளையவள் நிமிர்ந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். அவள் உதடு வெடித்து, ரத்தம் காய்ந்து கிடந்தது. சாப்பாட்டுத் தட்டோடு மூத்தவள் வைக்கும் டம்ளர் மூன்று வேளையும் வைத்தது வைத்தபடியே திரும்பி வருகிறது. மாத்திரை விழுங்குவதுபோல ஒரு வாய், அவ்வளவுதான். கேட்டால், "தாகமில்லக்கா" என்பாள். இந்த வெயிலில் யாருக்குத் தாகமில்லை?

எப்படி இருந்த வீடு! கொழுந்தனின் நாலு வயது மகள் ஒருத்தி அதை ஆட்டி வைத்தாள். வாலு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். பெற்றவள் இளையவள், குளிப்பாட்டியதும், கதை சொல்லி ஊட்டியதும், மடியில் போட்டுத் தூங்கவைத்ததும் மூத்தவள். தனக்கென்று ஒன்று பிறக்கவில்லையே என்ற குறையையே அந்தக் குழந்தை மறக்கடித்திருந்தாள்.

மூத்தவளுக்குச் சுகாதார நிலைய வேலை, வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது. எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி, எந்தக் கர்ப்பிணிக்கு எத்தனை மாதம் என்று பன்னிரண்டு வருஷக் கணக்கும் மனப்பாடம். தோளில் தொங்கும் பையில், வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைப் பொடிப் பாக்கெட் எப்போதும் இருக்கும். கல்யாண வீட்டுக்கும் அதைத் தூக்கிக்கொண்டுதான் போவாள். அதனால் ஊருக்கு அவள் "பாக்கெட் அக்கா". வாலுகூட அப்படிக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

மூன்று வாரத்துக்கு முன் மழை விட்டதும் எங்கோ குழாய் உடைந்து சாக்கடை கலந்துவிட்டது. பதினோரு வீட்டில் வாந்தியும் வயிற்றுப்போக்கும். பன்னிரண்டாவது அவள் வீடு. அன்று காலை வாலுவுக்கு அவளே இரண்டு டம்ளர் கரைசல் புகட்டினாள். குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தது. கண்ணில் குறும்பு இருந்தது. பிறகு ஆறவைத்த தண்ணீர் ஒரு லிட்டர் அளந்து, ஒரு பாக்கெட் கொட்டிக் கலக்கி, ஜக்கில் தட்டுப் போட்டு மூடினாள்.

"ஒவ்வொரு தடவை போனதும் ஒரு டம்ளர். வாந்தி எடுத்தாலும் பத்து நிமிஷம் விட்டு மறுபடி குடு. நிறுத்திடாதடி!" என்று இளையவளிடம் மூன்று தரம் சொல்லிவிட்டு மற்ற வீடுகளுக்கு ஓடினாள்.

மத்தியானம் திரும்பி வந்தபோது குழந்தையின் கண் குழிக்குள் போயிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டாள். மடிப்பு விழுந்தது விழுந்தபடி நின்றது. ஜக்கைத் திறந்தாள்... கழுத்துவரை இருந்தது. ஒரு வாய்கூடக் குறையவில்லை!

"குடிக்கிறதுதானே போகுது... குடல் காஞ்சா நின்னுடும்னு அத்தை சொன்னாங்க..." என்றாள் இளையவள், குற்றம் ஒன்றும் தெரியாத முகத்தோடு.

வண்டி பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் கூட்டம் முன்பக்கம் அழுதுகொண்டிருக்க, மூத்தவள் அந்த ஜக்கைக் கொல்லைக்கு எடுத்துப்போய்க் கொட்டிக் கழுவிக் கவிழ்த்தாள். அழக்கூட நேரமில்லாமல் அதைத்தான் முதலில் செய்தாள். பெற்ற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காமல் விட்டோம் என்று தெரிந்து ஒருத்தி வாழ்நாள் முழுக்க எப்படி மூச்சு விடுவாள்? கழுவி முடித்துத் திரும்பினால், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இளையவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பேசியதெல்லாம் மாமியார்தான். "காலையில ரெண்டு டம்ளர் ஊத்தினாளே, அதுதான் வினை! பெத்திருந்தா அருமை தெரியும்!" தெரு முழுக்க அதே பேச்சு. மூத்தவளின் கணவன் நல்லவன்தான். அம்மா பேசும்போது மட்டும் ஊமையாகிவிடுவான்.

பேச்சோடு போயிருந்தால் தாங்கிக்கொள்வாள். ஆனால் நேற்றுத் தெருக்கோடிச் சாக்கடையில் ஆறு பாக்கெட்டுகள் பிரிக்காமலே மிதந்தன. தையல்காரர் மனைவியின் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு நேற்றிலிருந்து வயிற்றால் போகிறது. கொண்டுபோய்க் கொடுத்தால் அவள் கையை நீட்டவில்லை.

"கோச்சுக்காதீங்கக்கா... உங்க வீட்டுப் பிள்ளையவே அது காப்பாத்தலையே..."

அதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே, குழந்தை இறந்ததை விசாரிக்க அவளுடைய மேலதிகாரி பெரிய நர்சம்மா வந்துவிட்டாள். முன்னறையில் நாற்காலி போட்டார்கள். வாசலில் பாதித் தெரு கூடிவிட்டது. தையல்காரர் மனைவியும் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். கதவுக்குப் பின்னால் இளையவளின் புடவைத் தலைப்பு தெரிந்தது.

"காலையில ரெண்டு டம்ளர் குடுத்திருக்க. அப்புறம்?" நர்சம்மா பேனாவைத் திறந்தாள். "கலந்து வச்சிட்டுப் போனியா? யார் குடுத்தாங்க?"

கொடுத்தோம் என்றால், பாக்கெட்டெல்லாம் சாக்கடைக்குப் போகும். கலந்து வைத்தேன், கொடுக்கவில்லை என்றால், கதவுக்குப் பின்னால் நிற்கிறவள் உயிரோடு செத்துப்போவாள். மூத்தவளுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு பதில்தான்.

"கலந்து வைக்கலம்மா... அவசரத்துல மறந்துட்டேன். வேளாவேளைக்குக் குடுத்திருந்தா நின்னிருக்கும். தப்பு என்னோடது."

நர்சம்மா பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்துவிட்டாள். "பன்னெண்டு வருஷமா பாக்குறேன். நீயா மறக்கிற ஆளு?"

"எழுதிக்கோங்கம்மா."

கொழுந்தன் பாய்ந்து வந்தான். "பதினோரு வீட்டுக்கு ஓடத் தெரிஞ்சது... என் பொண்ணுக்கு ஒரு பாக்கெட் கலக்கத் தெரியலையா? அண்ணின்னு கூப்பிட்ட வாயக் கழுவணும்! இந்த வீட்டுல இனி உங்க முகத்தப் பாக்கக்கூடாது!"

கணவன் தலையைக் குனிந்துகொண்டான். நர்சம்மா தயங்கித் தயங்கிக் கையை நீட்டினாள். "பையக் குடும்மா... மேல எழுதித்தான் ஆகணும்."

தோளிலிருந்து பை இறங்கியது. பட்டை அழுத்தி அழுத்தி விழுந்த தடம் ரவிக்கையில் வெளுத்துக் கிடந்தது. நாலு புடவையைத் துணிப்பையில் திணித்துக்கொண்டு படியிறங்கினாள் மூத்தவள். தையல்காரர் மனைவியைத் தாண்டும்போது மட்டும் நின்றாள்.

"கேட்டல்ல? குடுக்காததாலதான் போச்சு. நீ குடுடி... நிறுத்தாம குடு."

பத்தடி போயிருப்பாள்.

"அக்கா...!"

இளையவள் தெருவில் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. காலைக் கட்டிக்கொண்டு மண்ணில் சரிந்தாள்.

"பொய்! எல்லாம் பொய்! அக்கா கலந்து வச்சாங்க... ஒரு ஜக்கு நெறைய வச்சிட்டுப் போனாங்க... நான்தான் குடுக்கல! பாவி நான்தான்!" மார்பில் அறைந்துகொண்டாள். "தண்ணி, தண்ணின்னு கேட்டுச்சுக்கா... நாக்க நீட்டி நீட்டிக் காட்டுச்சு... கொஞ்சம் பொறுத்துக்கோடி தங்கம்னு வாயப் பொத்தினேன்கா... என் கையாலயே..."

தெரு அப்படியே நின்றுவிட்டது.

"வாய மூடுடி... போதும், எழுந்திரு..." மூத்தவள் அவள் வாயைப் பொத்தப் பார்த்தாள்.

இளையவள் அந்தக் கையைப் பிடித்து விலக்கினாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கக்கா... குடுத்திருந்தா... பிழைச்சிருக்குமா?"

இருபத்தோரு நாளாக எந்தக் கேள்விக்குப் பயந்து அத்தனை பழியையும் சுமந்தாளோ, அந்தக் கேள்வி! இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். இவளுக்கு அது போதும். ஆனால் பக்கத்தில் தையல்காரர் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் தோளில் அந்தக் குழந்தை கண்ணைச் செருகிக் கிடக்கிறது.

"பிழைச்சிருக்கும்டி..." என்றாள் மூத்தவள். "பிழைச்சிருக்கும்."

இளையவளிடமிருந்து வந்த ஓலம் மனுஷக் குரலாகவே இல்லை. மூத்தவளும் மண்ணில் உட்கார்ந்து அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அன்று அழாமல் விட்டதையெல்லாம் இப்போது சேர்த்து அழுதாள். வாசலில் மாமியார் நிலைக்கதவைப் பிடித்தபடி சரிந்து, "நான்தானே சொன்னேன்... குடல் காயட்டும்னு நான்தானே..." என்று திரும்பத் திரும்ப முனகினாள். தூக்கிவிட யாரும் போகவில்லை.

தையல்காரர் மனைவி நர்சம்மாவிடம் போய்க் கையை நீட்டினாள். நர்சம்மா பையைத் திறந்து இரண்டு பாக்கெட் கொடுத்தாள். பிறகு அந்தப் பையைக் கொண்டுவந்து மூத்தவளின் பக்கத்தில் வைத்தாள். மூத்தவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"தண்ணி கொண்டாங்க!" என்று கத்தினாள். இளையவளின் வாய் உலர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

கொழுந்தன் உள்ளே ஓடி, கைக்குக் கிடைத்ததில் மொண்டு வந்தான். "அண்ணி..." என்று நீட்டினான். அப்போதுதான் அவனும் பார்த்தான். பிடி வைத்த சின்ன டம்ளர், வாலுவுடையது.

"வேணாம்க்கா... அதுக்குக் குடுக்காத தண்ணி எனக்கு எதுக்குக்கா..."

"குடி."

"முடியாதுக்கா..."

"இன்னொண்ணையும் காயவிட்டுப் பறிகுடுக்க என்னால முடியாதுடி. குடி!"

மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, குழந்தைக்குப் புகட்டுவது போலவே வாயில் வைத்தாள். பாதி இருவர் புடவையிலும் வழிந்தது. மீதியை இளையவள் விம்மி விம்மி விழுங்கினாள். டம்ளர் காலியாகும்வரை மூத்தவள் கையை எடுக்கவில்லை.